நாலாம் வகுப்பில் சீமைப் பயணம்

சேலத்தை அடுத்த தாதம்பட்டியில் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, ஐந்நூறு மரங்கள். காந்தியடிகள் கள்ளை ஒழிக்க வேண்டும் என்றார். தோப்பின் சொந்தக்காரர் ஆட்களை அனுப்பினார். ஐந்நூறு மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள்.

கள் இறக்கக் குத்தகைக்கு விடாமல் இருந்திருந்தாலே போதும். காய் பறித்து விற்றிருக்கலாம். ஆனால் அந்த மனிதருக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. அவர்தான் ஈரோடு ஈ.வெ. ராமசாமி. பின்னாளில் பெரியார் என்று நாடு முழுவதும் அழைத்தது.

அதே தாதம்பட்டி அவருக்கு வேறு ஒரு வகையிலும் சொந்தம். அவருடைய மனைவி நாகம்மாள் பிறந்த ஊர் அது.

தாயார் வழியில் தூரத்து உறவு. பெண் வீட்டார் ஏழைகள். மாப்பிள்ளை வீட்டாரோ ஈரோட்டில் பேர்போன மண்டிக்காரர்கள். தகப்பனார் வெங்கட்ட நாயக்கருக்குத் தம் செல்வத்துக்கு ஏற்ற சம்பந்தம் வேண்டும் என்று ஆசை. மகன் ஒரே பிடியாக நின்றார். மணந்தால் நாகம்மாளைத்தான் மணப்பேன் என்றார். அங்கே தாதம்பட்டியில் அந்தச் சிறுமியும் அதே பிடியாக நின்றாள். 1898-ஆம் ஆண்டு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வயது 19. பெண்ணுக்கு 13.

ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐந்து மாதத்தில் இறந்தது. அதற்குப் பிறகு குழந்தை இல்லை.

காசிக்கு ஓட்டம்

ராமசாமி வீட்டை விட்டுப் புறப்பட்டது சீமைக்குப் போனபோதுதான் முதல் தடவை என்று நினைக்க வேண்டாம். 1904-இல் தகப்பனாரோடு ஒரு மனஸ்தாபம். யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். மனைவியிடமும் சொல்லவில்லை.

வழியில் இரண்டு பிராமணர்கள் கூட்டாளிகள் ஆனார்கள். ஐதராபாத்தில் மூவரும் புராணக் கதை பேசிப் பிழைத்தார்கள். கூட்டாளிகள் பக்தியோடு கதை சொல்ல, இவர் அதற்குத் தம் மனம்போல் பொருள் சொல்ல, கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வயிறு நிறைந்தது.

காசியில் கதை மாறிற்று. கூட்டாளிகளுக்குச் சத்திரத்தில் சாப்பாடு கிடைத்தது. இவருக்குக் கிடைக்கவில்லை. பிராமணருக்கு மட்டுமே சோறு என்று வாசலில் தடுத்தார்கள். பசி பொறுக்க முடியாமல், தெருவில் எறிந்த எச்சில் இலையில் கை வைத்தார் ஈரோட்டுச் செல்வந்தரின் மகன். பிறகு ஒரு மடத்தில் வில்வம் பறித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. விடியற்காலையில் கங்கையில் குளித்துவிட்டு வரவேண்டும் என்பது நிபந்தனை. குளிப்பதற்கும் அவருக்கும் என்றுமே ஆகாது. வேலை போயிற்று.

திரும்பும் வழியில் ஆந்திர நாட்டு ஏலூரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கினார். ஒருநாள் கடைத்தெருவில் எள் விலையைத் துருவித் துருவி விசாரித்தார். வாங்கும் எண்ணம் எதுவும் இல்லை. மண்டிக்காரர் பிள்ளை, பழக்கம் விடவில்லை. அந்தப் பேச்சே அவரைக் காட்டிக் கொடுத்தது. செய்தி ஈரோட்டுக்குப் போயிற்று. தகப்பனார் ஓடி வந்தார்.

மகன் உடம்பில் கிடந்த நகையெல்லாம் விற்றுத் தின்றிருப்பான் என்று நினைத்து வந்தவருக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ஒரு மோதிரத்தைத் தவிர எல்லா நகையும் பத்திரமாக இருந்தன. எச்சில் இலைக்குப் போனாலும் போவார், கைமுதலைத் தொடமாட்டார். ஊர் திரும்பியதும் மண்டியின் பெயரே மகன் பெயருக்கு மாறியது.

இந்தச் சிக்கனத்தைப் பற்றி ஈரோட்டில் எவ்வளவோ கதைகள் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்தவர் எவரும் சாப்பிடாமல் போனதில்லை. அதற்குக் காரணம் அவர் அல்ல, நாகம்மாள்.

அம்மாளின் வளர்ச்சி

ராமசாமி ஈரோடு நகரசபைத் தலைவர் ஆனார். அந்தக் காலத்தை ஒட்டியே சேலம் நகரசபைக்குத் தலைவராக இருந்தவர், வக்கீல் ராஜகோபாலாச்சாரியார். ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர். அப்போது பிறந்த சிநேகம் ஐம்பது ஆண்டு அரசியல் சண்டையிலும் சாகவில்லை. ராமசாமி தாம் வகித்த 29 பொதுப் பதவிகளையும் உதறிவிட்டுக் காங்கிரசில் சேர்ந்தார். கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்.

1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல். ராமசாமி சிறைக்குப் போனார். மறியல் நின்றுவிடும் என்று சர்க்கார் நினைத்தது. நாகம்மாளும், ராமசாமியின் தங்கை கண்ணம்மாளும் தெருவுக்கு வந்தார்கள். மறியலை நிறுத்தச் சொல்லிக் காந்தியடிகளிடம் கேட்டபோது, அது தம் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று அவர் சொன்னதாக வரலாறு.

1924-இல் வைக்கம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கக்கூடாது என்ற தடையை எதிர்த்துப் போராட்டம். கணவர் இரண்டு தடவை சிறைப்பட்டார். நாகம்மாள் பெண்களைத் திரட்டிக்கொண்டு அங்கேயும் போய் நின்றார். 1929 டிசம்பரில் கணவரோடு மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். தாதம்பட்டிப் பெண் கடல் கடந்து பினாங்கையும் சிங்கப்பூரையும் பார்க்கும் நாட்டுக்குப் போனார்.

ஆனால் அதற்கு அடுத்த பெரிய பிரயாணத்தில் அவருக்கு இடமில்லை.

கப்பல் புறப்பட்டது

1931-ஆம் ஆண்டு. உலகம் முழுவதும் வியாபார மந்தம். விலைகள் சரிந்து கிடந்தன. பொதுவுடைமை நாடு என்று சொல்லும் ரஷ்யாவில் மட்டும் வேலை இல்லாதவர் இல்லை என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில்தான் மார்க்சும் எங்கெல்சும் எழுதிய கம்யூனிஸ்டு அறிக்கையின் தமிழாக்கம் ராமசாமியின் 'குடி அரசு' வாரப் பத்திரிகையில் வெளிவரத் தொடங்கியது. படித்தால் போதாது, நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது அவருக்கு. வயது 52.

உடன் வர இரண்டு பேர். ஒருவர் எஸ். ராமநாதன். எம்.ஏ., பி.எல். படித்தவர். சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கியதில் பங்கு கொண்டவர். 'ரிவோல்ட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகையில் எழுதியவர். பின்னால் 1937-இல் ராஜாஜியின் மந்திரி சபையில் மந்திரியானார். மற்றவர் ராமு. ஈரோட்டுக்காரர், உறவினர். ஒருவர் ஆங்கிலத்துக்கு, ஒருவர் கைத்துணைக்கு என்று சொல்லலாம். ராமசாமி பள்ளிக்கூடத்தில் இருந்ததே சில வருஷங்கள்தான்.

ஈரோட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் ரயில் காவிரிப் பாலத்தைக் கடந்து, சங்ககிரி மலைக்கோட்டை ஓரமாகப் போய், சேலத்தைத் தொட்டுத்தான் செல்லும். மாமியார் ஊரைத் தாண்டாமல் சீமைக்கும் வழி கிடையாது.

1931 டிசம்பர் 13-ந் தேதி சென்னைத் துறைமுகத்தில் 'அம்போய்ஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் மூவரும் ஏறினார்கள். டிக்கெட்டு நாலாம் வகுப்பு. அதற்குக் கீழே வகுப்பு இல்லை. பெரிய மண்டிக்கும் நிலபுலன்களுக்கும் சொந்தக்காரர் அப்படிப் போனார் என்றால், காசியில் மோதிரத்தைத் தவிர வேறெதையும் தொடாதவரை அறிந்தவர்களுக்கு அது வியப்பாக இராது.

பத்திரிகையின் பொறுப்பை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்? நாகம்மாளிடம். வாரந்தோறும் தாள் வாங்க வேண்டும். அச்சுக்கூட ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். எழுதுகிறவர்களை விரட்ட வேண்டும். அரசாங்கம் எப்போது ஜாமீன் கேட்குமோ என்று பயப்படவும் வேண்டும். வருகிற இயக்கத் தொண்டர்களுக்குச் சோறும் போட வேண்டும். கடைசி வேலை மட்டும் அந்த அம்மாளுக்குப் பழக்கமானது. மற்றவற்றைச் செய்து செய்தே பழகினார்.

கண்ட காட்சிகள்

கொழும்பு, ஏடன், சூயஸ் கால்வாய் என்று கப்பல் சென்றது. எகிப்தையும் கிரீசையும் பார்த்துவிட்டுத் துருக்கிக்குப் போனார்கள்.

துருக்கியில் ராமசாமிக்குப் பார்க்க நிறைய இருந்தது. கமால் பாட்சா ஆட்சி. 1928-இல் அந்த நாடு தன் பழைய எழுத்தை அடியோடு மாற்றிவிட்டது. அரபு எழுத்துப் போய் லத்தீன் எழுத்து வந்தது. கிழவர்களும் கிழவிகளும்கூடப் பலகை பிடித்துப் புது எழுத்துப் படித்தார்கள். 1930-இல் பெண்களுக்கு நகரசபைத் தேர்தல்களில் ஓட்டு வந்தது.

இதற்கும் பின்னால் நடந்ததற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை. ஆனால் 1935-இல் 'குடி அரசு' பத்திரிகையில் தமிழ் எழுத்துகள் சில மாறின. ணை, லை, னை போன்ற எழுத்துகளுக்கு அந்நாளில் முன்னால் துதிக்கை போன்ற வளைவு உண்டு. றா, னா, ணா ஆகியவற்றுக்கும் தனித்தனி உருவங்கள். படிக்கப் பழகுகிறவனுக்கும் தொல்லை, அச்சுக் கோக்கிறவனுக்கும் தொல்லை. ராமசாமி அவற்றை எளிதாக்கினார். பண்டிதர்கள் கேலி செய்தார்கள். 1978-இல் தமிழ்நாடு அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றது. இப்போது இந்த வரிகளைப் படிக்கிறவர்கள் படிப்பதும் அந்த எழுத்துகளைத்தான்.

1932 பிப்ரவரியில் ரஷ்யா. ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார்கள். பனி கொட்டும் காலம். மேல்கோட்டுக்குள் புதைந்த தாடிக்கார ஈரோட்டுக்காரரை அந்நாளைய படங்களில் காணலாம். தொழிற்சாலைகளைப் பார்த்தார்கள். கூட்டுப் பண்ணைகளைப் பார்த்தார்கள். மே முதல் நாள் மாஸ்கோவில் நடந்த தொழிலாளர் விழாவையும் கண்டார்கள். முதல் ஐந்தாண்டுத் திட்டம் முடியும் தறுவாய். நீப்பர் ஆற்றின் குறுக்கே பிரம்மாண்டமான அணை எழும்பிக் கொண்டிருந்தது. நம் சேலம் மாவட்டத்திலும் அந்நேரம் மேட்டூரில் காவிரியின் குறுக்கே ஓர் அணை எழும்பிக் கொண்டிருந்தது. அது 1934-இல் திறக்கப்பட்டது.

வேலை செய்யும் பெண்களும், அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகளும் ராமசாமியைக் கவர்ந்தன. கடவுளும் ஜமீன்தாரும் இல்லாமல் ஒரு நாடு நடக்கிறது என்பதே அவருக்குப் போதும். விருந்தாளிக்குக் காட்டியது ஒரு பக்கம். அதே ஆண்டின் கடைசியிலும் அடுத்த ஆண்டிலும் உக்ரேனில் லட்சக்கணக்கான குடியானவர்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். தானியத்தை அரசே பறித்துக்கொண்டு போனதால் வந்த பஞ்சம் அது. அதைக் காண அவர் அங்கே இல்லை. அந்நாளில் போய் வந்தவர்களில் பலருக்கும் அது தெரியாது.

அடுத்தது ஜெர்மனி. வேலை இல்லாதவர்கள் அங்கே அறுபது லட்சம் பேர். ஜூலையில் நடந்த தேர்தலில் ஹிட்லர் கட்சிதான் முதலிடம் பிடித்தது.

பிறகு இங்கிலாந்து. நம்மை ஆண்டவர்களின் ஊர். பம்பாயில் பிறந்த பார்சிக்காரர் சக்லத்வாலா அங்கே பார்லிமெண்டில் இருந்தவர், கம்யூனிஸ்டு. அவரைச் சந்தித்தார்கள். ஜூன் 20-ந் தேதி மெக்ஸ்பரோ என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் தொழிலாளர்களின் பெருங்கூட்டம். ராமசாமியும் மேடை ஏறினார். தொழிற்கட்சித் தலைவர் லான்ஸ்பரி அங்கே இருந்தார். அவரை வைத்துக்கொண்டே, இந்தியத் தொழிலாளிக்குத் தொழிற்கட்சி என்ன செய்தது என்று கண்டித்துப் பேசினார். இந்தியச் சுரங்கத்தில் வேலை செய்கிறவனின் கூலியை எடுத்துக் காட்டினார். ஈரோட்டு மண்டியில் எள் விலை கேட்ட அதே நாக்குத்தான். கணக்கில் இடித்தால் விடாது.

ஸ்பெயின், போர்ச்சுகல், பிரான்சு எல்லாம் சுற்றினார்கள். ஸ்பெயினில் ராஜா ஓடிப்போய் ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. குடியரசு ஏற்பட்டுப் பெண்களுக்கும் ஓட்டு வந்திருந்தது.

இப்படி பத்து மாதம். அந்நாளில் கடிதம் கப்பலில் ஏறி ஈரோட்டுக்கு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதினால், அது கைக்குக் கிடைப்பதற்குள் தேறியிருப்பார் அல்லது மோசமாகியிருப்பார். வீட்டில் வயதான மாமியார். வாராவாரம் வெளிவர வேண்டிய பத்திரிகை. நாகம்மாள் காத்திருந்தார்.

வீடு

அக்டோபரில் கப்பல் கொழும்புக்குத் திரும்பியது. ஈரோட்டுக்கு இன்னும் சில நாள் வழிதான். ஆனால் இலங்கைத் தமிழர்கள் கூட்டம் போட்டார்கள். இவர் பேசினார். ஒரு கூட்டம் பல கூட்டமாயிற்று. பத்து மாதம் கழித்து வீட்டுக்குப் போகிற மனிதர், வாசலுக்கு முன்னால் நின்று வாரக்கணக்கில் பிரசங்கம் செய்தார்! நவம்பரில்தான் தூத்துக்குடியில் இறங்கி ஈரோடு போய்ச் சேர்ந்தார்.

வந்ததும் வீடு தலைகீழாயிற்று. இனிமேல் பெயருக்கு முன்னால் ஸ்ரீ வேண்டாம், திருவாளர் வேண்டாம், தோழர் என்றே போடுங்கள் என்று இயக்கத்தாருக்கு அறிக்கை விட்டார். பெயர் வைக்கக் கொண்டுவந்த குழந்தைகளுக்கு ரஷ்யா என்றும் மாஸ்கோ என்றும் பெயர் சூட்டினார். டிசம்பர் 28, 29 தேதிகளில் ஈரோட்டில் அவர் வீட்டில் தோழர்கள் கூடினார்கள். சிங்காரவேலர் சென்னையிலிருந்து வந்தார். ஈரோட்டுத் திட்டம் என்று பேர்பெற்ற சமதர்மத் திட்டம் அங்கே பிறந்தது. இத்தனை பேருக்கும் இலை போட வேண்டியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண் அடிமையாக இருக்கக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசியவர் ராமசாமி. தம் வீட்டில் எப்படி இருந்தார்? கல்யாணமான புதிதில் ஒரு நாள் நாகம்மாளின் தாலியைக் கழற்றச் சொன்னார். கணவன் ஊரில் இருக்கும்போது தாலி எதற்கு, ஊருக்குப் போனால்தான் வேண்டும் என்று ஏதோ சமாதானம் சொன்னார். அந்தப் பெண்ணும் நம்பிக் கழற்றிக் கொடுத்தாள். மறுநாள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வெறும் கழுத்தைப் பார்த்துக் கேட்டபோது, பதில் சொல்ல முடியாமல் நின்றாள். இயக்கத்தார் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வது வழக்கம். அந்தப் பெண் நின்ற நிலையை எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை.

1933 மே மாதம். நாகம்மாள் படுத்த படுக்கையாக இருந்தார். கணவர் சுற்றுப்பிரயாணத்தில் இருந்தார். மே 11-ந் தேதி அம்மாள் காலமானார். வயது 48. ஐரோப்பாவிலிருந்து கணவர் திரும்பி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

சடங்கு எதுவும் நடக்கவில்லை. ஒப்பாரி வைக்கக் கூடாது என்று ராமசாமி பெண்களுக்குச் சொல்லிவிட்டார். அடக்கம் முடிந்தது. மறுநாளே திருச்சிக்கு ரயில் ஏறினார். அங்கே ஒரு கல்யாணத்தை நடத்தி வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். சர்க்கார் 144 தடை போட்டிருந்தது. தடையை மீறிக் கல்யாணத்தை நடத்தினார். போலீசார் கைது செய்தார்கள்.

மே 14, ஞாயிற்றுக்கிழமை. 'குடி அரசு' வெளிவந்தது. ஓராண்டு முழுவதும் அதைக் கட்டிக் காத்தவரைப் பற்றி ராமசாமி அதில் எழுதியிருந்தார். துதிபாடிய எழுத்து அல்ல அது. ஊருக்குப் பெண் விடுதலை பேசிய தாம் அதில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த அம்மாளிடம் நடந்து காட்டியதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தார். அவர் தமக்காகவே வாழ்ந்தார், தாம் அவருக்காக வாழ்ந்ததாகத் தமக்கு நினைவில்லை என்ற கருத்தில் எழுதினார். கூட இருந்தவர்கள் எவரும் கேட்காத கேள்விக்கு அவராகவே சொன்ன பதில் அது.

அதற்குப் பிறகு அவர் நாற்பது ஆண்டு உயிரோடு இருந்தார். பத்திரிகையின் பொறுப்பைத் தங்கை கண்ணம்மாள் எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு தலையங்கத்துக்காக அண்ணனும் தங்கையும் ஒருசேரக் கைதானார்கள். 1938-இல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு அவருக்குப் பெரியார் என்ற பட்டத்தைக் கொடுத்தது. 1944 ஆகஸ்டில் சேலத்தில் கூடிய மாநாட்டில் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. தலைவராக அவர் சேலத்துக்கு வந்தார். தாதம்பட்டி அங்கிருந்து கூப்பிடு தூரம்.